வேர்டிலிருந்து இன்டிசைனுக்கு மேட்டர் கொண்டு வருவது: பள்ளி மலர் வேலையில் சில சந்தேகங்கள்

பென்னாகரம் டிடிபி

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியின் பவள விழா மலர் எங்கள் கடைக்கு வந்திருக்கிறது. டெமி சைஸ், இருநூறு பக்கம் வரும். இதுவரை கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பில் புக் என்று ஒற்றைப் பக்க வேலைதான் அதிகம். புத்தக வேலை என்பதால், பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் செய்கிறோம்.

மேட்டர், அதாவது அச்சில் போக வேண்டிய எழுத்து, நாலா பக்கமிருந்தும் வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதியமான், ஔவையார் பற்றிய கட்டுரையை வேர்டில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துத் தந்திருக்கிறார். பழைய மாணவர்களின் நினைவுகள் எல்லாம் வாட்ஸ்அப்பில். நம் பகுதி நடுகற்கள் பற்றிய கட்டுரை யூனிகோடு வேர்ட் கோப்பு, நிறைய அடிக்குறிப்புகளோடு. முந்தைய மலரிலிருந்து மறுபடி போட வேண்டிய ஒரு கட்டுரை, பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பாகவே கிடக்கிறது. நன்கொடையாளர் பட்டியல் எக்செல்.

வேர்டில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, இன்டிசைன் கட்டத்தில் ஒட்டினால் முதல் பக்கம் மட்டும் நிரம்புகிறது. மிச்ச மேட்டர் எங்கே போனது என்றே தெரியவில்லை. கட்டத்தின் கீழ் மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. நடுகல் கட்டுரையில் அடிக்குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. 'கெ', 'கே', 'கொ' எல்லாம் கொம்பு தனியாகப் பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு நிற்கின்றன. சில வரிகளுக்குப் பின்னால் ரோஸ் நிறம் வேறு. இதற்கு மேல், கட்டுரைகளின் வரிசையை விழாக் குழு இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

மேட்டரை உள்ளே கொண்டு வர, பிறகு இடம் மாற்ற, சரியான முறை என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் லே அவுட்

தம்பி, மேட்டர் எங்கேயும் போகவில்லை. அந்தச் சிவப்புக் கூட்டல் குறிதான் மிச்ச மேட்டர். கட்டத்தில் இடம் போதவில்லை, உள்ளே இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறியைச் சொடுக்கினால் கர்சர் மேட்டரைத் தூக்கிக்கொள்ளும். அடுத்த பக்கத்தில் போய் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். மேட்டர் முடியும் வரை பக்கங்களைத் தானே சேர்த்துக்கொண்டு ஓடும். ஆல்ட் அழுத்திச் சொடுக்கினால் கட்டம் கட்டமாக நின்று நின்று போகும். நடுவில் படம் வைக்க வேண்டிய கட்டுரைகளுக்கு அதுதான் வசதி.

ஆனால் காப்பி அடித்து ஒட்டும் வழியையே இந்த வேலையில் விட்டுவிடுங்கள். ஃபைல் மெனுவில் 'பிளேஸ்' இருக்கிறது, கன்ட்ரோல் டி. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் அடியில் 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு ஓப்பன் கொடுங்கள். டிக் போடாமல் கொடுத்தால் கடைசியாக என்ன அமைப்பு இருந்ததோ அதையே எடுத்துக்கொண்டு போய்விடும், உங்களைக் கேட்காது.

வேர்ட் கோப்பு என்றால் இப்போது ஒரு பெரிய பெட்டி திறக்கும். மேலே அடிக்குறிப்பு, இறுதிக்குறிப்பு, பொருளடக்கம் எதெல்லாம் வர வேண்டும் என்று கேட்கும். அடிக்குறிப்பில் டிக் இருக்கட்டும். அப்போது அவை உண்மையான அடிக்குறிப்பாகவே வரும். மேட்டர் அடுத்த பக்கம் நகர்ந்தால் குறிப்பும் கூடவே நகரும், எண்ணும் தானே மாறும். வெறும் எழுத்தாக ஒட்டினால் இது கிடைக்காது, உங்களுக்கு நடந்தது அதுதான். பொருளடக்கம் டிக்கை எடுத்துவிடுங்கள். வேர்டின் பக்க எண்கள் உங்களுக்கு எதற்கு?

கீழே ஃபார்மேட்டிங் பகுதியில் முடிவெடுக்க வேண்டியது நீங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வேர்டில் கொட்டிய நினைவுக் குறிப்புகளுக்கு 'ரிமூவ் ஸ்டைல்ஸ் அண்ட் ஃபார்மேட்டிங்'. அழுக்கு எல்லாம் போய் வெறும் மேட்டர் வரும். அதன் அடியிலேயே 'பிரிசர்வ் லோக்கல் ஓவர்ரைட்ஸ்' என்று ஒன்று உண்டு. தனித்தனிச் சொற்களுக்குக் கொடுத்த தடித்த எழுத்து, சாய்வெழுத்து காப்பாற்றப்பட வேண்டுமென்றால் அதைப் போடுங்கள். நடுகல் கட்டுரைக்கு இது ஆகாது. அதில் தலைப்பு, துணைத் தலைப்பு, கல்வெட்டு வாசகம், மேற்கோள் என்று அடுக்கு இருக்கும். அதற்கு 'பிரிசர்வ்' எடுத்து, கீழே 'கஸ்டமைஸ் ஸ்டைல் இம்போர்ட்' போய் 'ஸ்டைல் மேப்பிங்' திறந்து, வேர்டின் ஹெடிங் 1 உங்கள் கட்டுரைத் தலைப்பு ஸ்டைலுக்கு, நார்மல் உங்கள் உடல் மேட்டர் ஸ்டைலுக்கு என்று ஜோடி சேர்த்துவிடுங்கள். கட்டுரை உள்ளே விழும்போதே உங்கள் மலரின் உடுப்போடு விழும். இந்த அமைப்பை பிரீசெட்டாகச் சேமித்து வைத்தால் அடுத்த கட்டுரைக்கு மறுபடி ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. எழுதியவர் ஹெடிங் ஸ்டைல் போடாமல் எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் வைத்திருந்தால், முதலில் வேர்டிலேயே ஸ்டைல் கொடுத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.

கொம்பு பிரிவதற்குக் காரணம் கம்போசர், அதாவது எழுத்துகளை வரியாக அடுக்கும் அமைப்பு. பாரகிராஃப் பேனல் மெனுவில் 'அடோபி வேர்ல்ட் ரெடி பாரகிராஃப் கம்போசர்' தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் போய் மாற்றாதீர்கள். உங்கள் பாரகிராஃப் ஸ்டைலில், ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் ஒரு முறை வைத்தால் அந்த ஸ்டைல் போகும் இடமெல்லாம் சரியாகும். ரோஸ் நிறம், அந்த எழுத்துரு இல்லை என்பதற்கான அடையாளம். எழுத்துருவில் போல்ட் தனியாக இல்லாவிட்டாலும் வேர்ட் தானாகத் தடிமனாக்கிக் காட்டிவிடும். இன்டிசைன் அப்படிப் பொய்யாகத் தடிமனாக்காது, இல்லை என்றே காட்டும். போல்ட் உள்ள எழுத்துருக் குடும்பமாகத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றில் பல தடிமன்கள் இருக்கின்றன, இலவசமும்கூட.

கிருஷ்ணகிரி அச்சகம்

ஓசூர்காரர் சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் காப்பி அடித்து ஒட்டுவதே தப்பு என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாங்கனி சீசனில் எங்களிடம் கூழ் ஆலைக்காரர்கள் லேபிள், மண்டிக்காரர்கள் பில், கண்காட்சி நேரத்தில் நோட்டீஸ் என்று வரிசையில் நிற்பார்கள். நாலு வரி மேட்டருக்குப் பிளேஸ் பெட்டியைத் திறந்து ஜோடி சேர்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஒட்டுவதிலும் ஒழுங்கு உண்டு. கன்ட்ரோல் ஷிஃப்ட் வி போட்டால் வெறும் மேட்டர் மட்டும் வரும், ஏற்கெனவே கட்டத்தில் இருக்கும் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். பிரிஃபரன்ஸில் கிளிப்போர்ட் ஹேண்ட்லிங் போய் 'டெக்ஸ்ட் ஒன்லி' வைத்துவிட்டால் சாதாரண கன்ட்ரோல் வி போட்டாலும் அப்படித்தான்.

இன்னொன்று. பாமினி மேட்டரை ஏன் மாற்ற வேண்டும்? நாங்கள் பேஜ்மேக்கர் 7-இல் இன்றைக்கும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்து பிளேட் போடுகிறோம். அச்சில் வந்தால் பாமினியா யூனிகோடா என்று யாருக்குத் தெரியும்? மாற்றப் போனால்தான் பிழை வரும்.

காவேரிப்பட்டணம் மெய்ப்பு

அண்ணா, மாற்றினால் பிழை வரும் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றியே எழுத வந்தேன். ஆனால் மாற்றாமல் விடுவது இந்த மலருக்கு நல்லதல்ல. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே இல்லை. இதே மேட்டரைப் பள்ளி நாளைக்கு இணையத்தில் போட, கைபேசியில் பகிர, நூறாம் ஆண்டு மலரில் எடுத்துப் போட எதற்கும் உதவாது. இப்போது பேஜ்மேக்கர் கோப்பை வைத்துக்கொண்டு தம்பி தவிப்பது அதனால்தானே. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு அடோபி இன்டிசைன் பக்கம் போய்விட்டது. நூறாம் ஆண்டு மலர் செய்கிறவர்களிடம் பேஜ்மேக்கர் இருக்காது.

பென்னாகரம் தம்பிக்கு: எழுத்து மாற்றத்தை இன்டிசைனுக்கு வெளியே, வேர்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பேஜ்மேக்கர் கட்டுரையில், மேட்டருக்குள் கர்சரை வைத்து ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் ஆர்டிஎஃப் ஆக வெளியே எடுங்கள். இன்டிசைன் சிஎஸ்6 பேஜ்மேக்கர் 6-லிருந்து மேலே உள்ள கோப்புகளை நேராகத் திறக்கும் என்றாலும், திறந்தபின் உள்ளே இருப்பது அதே பழைய குறியீடுதான்.

பாமினி கட்டுரையில் நடுநடுவே ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத்தையும் எழுத்துரு மாற்றியில் கொட்டினால் ஆங்கிலச் சொல்லும் புரியாத தமிழாகிவிடும், இரண்டும் ஒரே குறியீட்டில் உட்கார்ந்திருப்பதால். வேர்டின் தேடும் பெட்டியில் எழுத்துருவை வைத்தே தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். முந்தைய மலர் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய டேப் குறியீடு என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி இடம். டேம் என்றால் அது தமிழுக்கு மட்டும்.

இனி, மாற்றிய பின் வரும் பிழைகள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திரையில் பார்த்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

பழைய எழுத்துருக்களில் 'ர்' அடிக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் போட்டுவிடுவார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றியதும் அது 'அவா்கள்' என்று வரும். சில எழுத்துருவில் 'அவர்கள்' போலவே தெரியும், சிலவற்றில் புள்ளி எங்கோ போய் நிற்கும். 'ரி' என்பது 'ாி' ஆகவும், 'ரீ' என்பது 'ாீ' ஆகவும் வரும். தமிழில் காலுக்கு மேல் புள்ளியோ, காலோடு சேர்ந்த கொக்கியோ எந்தச் சொல்லிலும் கிடையாது. அதனால் இந்த மூன்றையும் தயங்காமல் 'சேஞ்ச் ஆல்' கொடுத்து மாற்றலாம். தேடும் பெட்டியில் தனிக் காலை அடிக்க வராது என்றால் மேட்டரில் உள்ள பிழையையே காப்பி செய்து அங்கே ஒட்டுங்கள்.

'சேஞ்ச் ஆல்' கொடுக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. அது ஔகாரம். பழைய எழுத்துருவில் 'கௌ' அடிக்க இரட்டைக் கொம்பு என்று தனியாக எதுவும் இல்லாமல் கொம்பு, க, ள என்று அடித்திருப்பார்கள். மாற்றினால் 'கெள' என்று இரண்டு எழுத்தாக வரும். கௌரவம் 'கெளரவம்' ஆகும், மௌனம் 'மெளனம்' ஆகும், பௌர்ணமி 'பெளர்ணமி' ஆகும். சரி, கொம்பு, ள வரும் இடத்தை எல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்று ஒரே தட்டில் மாற்றினால் வெள்ளி 'வௌ்ளி' ஆகிவிடும், வெளியீடு 'வௌியீடு' ஆகிவிடும், தெளிவு 'தௌிவு' ஆகிவிடும். சில மாற்றிகளே இந்த வேலையைச் செய்து வைத்திருக்கும். கிருஷ்ணகிரி அணையில் பிடிக்கிற கெளுத்தி மீனில் இருப்பது உண்மையான 'கெளு'. அதையும் கெடுத்துவிடக் கூடாது. அதனால் சொல் சொல்லாகத்தான் போக வேண்டும். கௌரவ, மௌன, பௌர்ணமி, பௌத்த, சௌந்தர, கௌசல்யா என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பெயர்களில்தான் அதிகம் வரும், நன்கொடையாளர் பட்டியலை மறக்காதீர்கள்.

உங்கள் மலரில் இது எங்கே வலிக்கும் தெரியுமா? தகடூர் அதியமான் கட்டுரையில். ஔவையார் 'ஒளவையார்' ஆகியிருப்பார். 'ஒ' வேறு, 'ள' வேறு. அச்சில் இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தேடினால் கிடைக்க மாட்டார், வரிக் கடைசியில் 'ஒ' ஒரு வரியிலும் 'ளவையார்' அடுத்த வரியிலும் உடைந்து நிற்கவும் கூடும். தருமபுரியிலிருந்து வரும் மலரில் ஔவையார் பெயர் அப்படி உடைந்து வரவே கூடாது.

பென்னாகரம் டிடிபி

ஓசூர் அண்ணா, மெய்ப்பு அக்கா, கிருஷ்ணகிரி சார், மூவருக்கும் நன்றி. தேடிப் பார்த்தேன். ஆசிரியர் கட்டுரையில் ஔவையார் பாதிக்கு மேல் 'ஒளவையார்' தான், தலைப்பு உட்பட. பழைய மலரின் எழுத்துரு டேப் வகை. ஆர்டிஎஃப் எடுத்து மாற்றிவிட்டேன்.

பிளேஸ் வழியாக நடுகல் கட்டுரை அடிக்குறிப்போடு ஒழுங்காக வந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரையில் கல்வெட்டு வாசகங்கள், கல்லில் எந்த வரி எங்கே முடிகிறதோ அப்படியே வரி எண்ணோடு வர வேண்டும் என்று எழுதியவர் கேட்கிறார். வாட்ஸ்அப் மேட்டரிலோ இதற்கு நேர்மாறு, ஒவ்வொரு வரி முடிவிலும் தேவையில்லாத என்டர். ஒன்றை நீக்கப் போனால் இன்னொன்று கெடுகிறது.

வரிசை மாற்றம் இன்னும் பிரச்சினைதான். தலைமையாசிரியர் கட்டுரையை முன்னால் கொண்டு வர, அந்தப் பக்கங்களின் கட்டங்களைக் கட் செய்து முன்பக்கத்தில் ஒட்டினேன். இப்போது அந்தக் கட்டுரை இரண்டு இடத்திலும் இருக்கிறது!

ஓசூர் லே அவுட்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே தொடராக ஓட விட்டிருக்கிறீர்கள். அதாவது முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரே கயிறு. இன்டிசைனில் கட்டம் வேறு, மேட்டர் வேறு. தொடரின் நடுவில் ஒரு கட்டத்தை அழித்தால் மேட்டர் அழியாது, அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். கட் செய்தாலும் அப்படித்தான். கட்டம் போகும்போது அதில் தெரிந்த மேட்டரின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு போகும், அசல் தொடரிலேயே தங்கிவிடும். அதனால்தான் இரண்டு இடத்தில் நிற்கிறது. இது தெரியாமல் விட்டால் ஒரே பத்தி இரண்டு முறை அச்சாகும், மெய்ப்பு பார்ப்பவர் இரண்டையும் வேறு வேறு நாளில் திருத்துவார்.

வியூ மெனுவில் எக்ஸ்ட்ராஸ் போய் 'ஷோ டெக்ஸ்ட் திரெட்ஸ்' போட்டுவிட்டு ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கட்டம் எதோடு கட்டியிருக்கிறது என்று கோடு காட்டும். கட்டுரை மாறும் இடத்தில் கோடு ஓடினால் அங்கே வெட்ட வேண்டும்.

வரிசை மாறும் மலருக்கு, கட்டுரைக்கு ஒரு தொடர். ஒவ்வொரு கட்டுரையையும் தனியாகப் பிளேஸ் செய்யுங்கள். அப்போது பேஜஸ் பேனலில் பக்கங்களையே பிடித்து இழுத்து நகர்த்தலாம், மேட்டர் கூடவே போகும். அதைவிட நல்லது, கட்டுரைக்கு ஒரு கோப்பு வைத்து எல்லாவற்றையும் 'புக்' கோப்பில் சேர்ப்பது. புக் பேனலில் பெயரை மேலே கீழே இழுத்தால் வரிசை மாறும், பக்க எண்ணும் மாறும், ஸ்டைல்களையும் எல்லாக் கோப்புக்கும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளலாம். விழாக் குழு விழாவுக்கு முந்தின வாரம் வரை மாற்றட்டும், உங்களுக்குக் கவலை இல்லை.

ஏற்கெனவே ஒன்றாக ஓட விட்டதைத் திரும்பவும் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். தலைமையாசிரியர் கட்டுரையின் நகலை அழித்துவிட்டு, மேட்டருக்குள் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் ஒய் கொடுங்கள். ஸ்டோரி எடிட்டர் திறக்கும். கட்டம், பக்கம் எதுவும் இல்லாமல் மேட்டர் மட்டும் நீளமாகத் தெரியும், பக்கவாட்டில் ஸ்டைல் பெயர்களோடு. கட்டத்தில் அடங்காத மேட்டரும் அதில் தெரியும். அங்கே தலைப்பிலிருந்து கடைசிப் பத்தி வரை தேர்ந்தெடுத்துக் கட் செய்து, புதுக் கட்டத்தில் ஒட்டுங்கள். பத்தி முடிவு, வரி உடைப்பு போன்ற அச்சில் வராத மறைகுறிகளைத் தெரிய வைத்துக்கொண்டு, கடைசிப் பத்தி முடிவுக் குறியையும் சேர்த்தே எடுங்கள். அந்தக் குறியை விட்டுவிட்டு எடுத்தால் பத்தியின் ஸ்டைல் அதனோடு வராது, ஒட்டிய இடத்தில் இருக்கும் பத்தியோடு கலந்துவிடும். பத்தியை முழுதாக எடுக்க நான்கு முறை சொடுக்குங்கள். மூன்று முறை என்றால் ஒரு வரிதான் வரும்.

இப்போது என்டர் விஷயம். மறைகுறிகளில் இரண்டு வகை பார்ப்பீர்கள். என்டர் அடித்தால் பத்தி முடிகிறது. ஷிஃப்ட் என்டர் அடித்தால் வரி மட்டும் உடைகிறது, பத்தி தொடர்கிறது. கல்வெட்டு வாசகத்துக்கு இந்த இரண்டாவதுதான் வேண்டும். 'கோவிசைய' என்று தொடங்கும் வாசகம் முழுக்க ஒரே பத்தி, உள்ளே வரிகள் மட்டும் கல்லில் உள்ளபடி உடைந்து நிற்கும். அதற்கு 'கல்வெட்டு' என்று தனி பாரகிராஃப் ஸ்டைல் போடுங்கள், இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்து, ஹைஃபனேஷன் எடுத்துவிட்டு. வாசகம் இரண்டு பக்கமாக உடையாமல் இருக்க அந்த ஸ்டைலிலேயே 'கீப் ஆப்ஷன்ஸ்' இருக்கிறது.

வாட்ஸ்அப் மேட்டரைக் கல்வெட்டோடு ஒரே கோப்பில் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டாம். தனித் தொடராக இருந்தால் ஃபைண்ட் சேஞ்ச் பெட்டியில் 'சர்ச்' என்ற இடத்தில் 'ஸ்டோரி' வைத்து அந்தத் தொடரை மட்டும் துடைக்கலாம். 'மல்டிபிள் ரிட்டர்ன் டு சிங்கிள் ரிட்டர்ன்', 'மல்டிபிள் ஸ்பேஸ் டு சிங்கிள் ஸ்பேஸ்' இரண்டும் மேலே குவெரி பட்டியலில் தயாராகவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்துக்குப் போடும் நட்சத்திரக் குறிகளும் வந்திருக்கும், அவற்றையும் தேடி எடுங்கள். பத்தி நடுவில் விழுந்த ஒற்றை என்டரை மட்டும் இயந்திரத்திடம் விட முடியாது. எது பத்தி முடிவு, எது கைபேசி உடைத்த வரி என்று படித்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அரூர் லினக்ஸ்

இன்டிசைனுக்கு மாதச் சந்தா கட்ட முடியாத கடைகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்கிரைபஸ் இலவசம். பழைய 1.4 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வராது. 1.5.3-இலிருந்து கொம்பு, கால் எல்லாம் சரியாக நிற்கின்றன. 2024 தொடக்கத்தில் 1.6 வந்தது, அதைப் போடுங்கள். கட்டம் வரைந்து 'கெட் டெக்ஸ்ட்' கொடுத்தால் மேட்டர் வரும். லிப்ரே ஆபிஸில் ஓடிடி ஆகச் சேமித்துக் கொண்டு வந்தால் ஸ்டைல்களையும் எடுத்துக்கொள்ளும். வெறும் டெக்ஸ்ட் கோப்பு என்றால் என்கோடிங் யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் குப்பையாக வரும். ஷிஃப்ட் சொடுக்கினால் பக்கம் தானாகச் சேரும் வசதி இதில் இல்லை. பக்கங்களை முன்னாலேயே போட்டு, கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்க வேண்டும். நூறு பக்கத்துக்குள் அடிக்குறிப்பு இல்லாத புத்தகத்துக்குத் தாராளமாகப் போதும்.

பர்கூர் வடிவமைப்பு

எக்செல் பட்டியல் பற்றி யாரும் சொல்லவில்லை. அதையும் பிளேஸ்தான், இம்போர்ட் ஆப்ஷன்ஸோடு. எந்த ஷீட், எந்த செல் வரை என்று கொடுத்துவிட்டு 'அன்ஃபார்மேட்டட் டேபிள்' எடுங்கள், எக்செலின் கலரும் எழுத்துருவும் வராது. நீங்கள் ஒரு டேபிள் ஸ்டைல் போட்டுக்கொள்ளலாம். பேரும் ஊரும் தொகையும் மட்டும் என்றால் டேப் விசை இடைவெளியால் பிரித்த எழுத்தாகவே எடுப்பது இன்னும் இலேசு, பக்கத்தில் இரண்டு நெடுவரிசையாக ஓட விடலாம்.

பென்னாகரம் டிடிபி

கட்டுரைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து புக்கில் சேர்த்துவிட்டேன். வரிசை மாற்றம் இப்போது இழுத்து விடுவதோடு முடிகிறது. எக்செலும் வந்துவிட்டது.

இன்றைக்குப் புதிதாக ஒன்று. நடுகல் கட்டுரை எழுதியவர், மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு பற்றி ஒரு பத்தி சேர்த்துத் திருத்திய வேர்ட் கோப்பை மறுபடி அனுப்பியிருக்கிறார். வேறு எங்கெங்கே கை வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. நாங்கள் ஏற்கெனவே பக்கம் கட்டி, படம் வைத்து, மெய்ப்புத் திருத்தமும் போட்டாயிற்று. முழுக் கோப்பையும் திரும்பப் பிளேஸ் செய்வதா?

ஓசூர் லே அவுட்

வேண்டவே வேண்டாம். திரும்பப் பிளேஸ் செய்தால் நீங்கள் போட்ட திருத்தம் அத்தனையும் போய்விடும். ஃபைல் ஹேண்ட்லிங் பிரிஃபரன்ஸில் மேட்டர் கோப்புக்கு லிங்க் உண்டாக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டு வைத்திருப்பவர்கள் லிங்க் பேனலில் அப்டேட் கொடுத்தாலும் இதே கதிதான், உள்ளே செய்த திருத்தங்கள் அழியும்.

வேர்டில் ரிவ்யூ தாவலில் 'கம்பேர்' இருக்கிறது. அவர் முதலில் அனுப்பிய கோப்பையும் இப்போது அனுப்பியதையும் கொடுங்கள். மாறிய சொல், சேர்ந்த பத்தி எல்லாம் நிறத்தில் காட்டும். அந்த இடங்களை மட்டும் கையால் இன்டிசைனில் மாற்றுங்கள். புதுப் பத்தியை ஒட்டும்போது கிருஷ்ணகிரி சார் சொன்ன கன்ட்ரோல் ஷிஃப்ட் வி. இந்த மாதிரி இடத்துக்கு ஒட்டுவதுதான் சரி. பத்தி சேர்ந்தபின் கடைசிக் கட்டம் நிரம்பி மீண்டும் சிவப்புக் கூட்டல் வரலாம். கண்ணால் தேடாதீர்கள், அடியில் பிழைகளைச் சோதிக்கும் பிரீஃப்ளைட் சிவப்பு விளக்கு காட்டும். இரட்டைச் சொடுக்கு செய்தால் எந்தப் பக்கத்தில் மேட்டர் வழிகிறது என்று சொல்லும்.

கிருஷ்ணகிரி அச்சகம்

தம்பி, எழுதுபவர்களுக்கு ஒரு தேதி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு புதுக் கோப்பு வாங்க மாட்டோம், ப்ரூஃப் தாளில் பேனாவால் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று. அதில் கண்டிப்பாக இல்லாவிட்டால் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் வேலை முடியாது. யூனிகோடு விஷயத்தில் மெய்ப்பு அம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், புத்தக வேலைக்கு நாங்களும் மாற்றத்தான் வேண்டும். லேபிளுக்கு மாற்ற மாட்டேன்.

காவேரிப்பட்டணம் மெய்ப்பு

மயிலாடும்பாறை பத்தியில் ஆண்டைக் கவனமாகப் பாருங்கள். அந்த இரும்பின் காலமாக 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது கி.மு. 2172. திருத்திய கோப்பில் 2,172 என்று காற்புள்ளியோடு வந்திருக்கிறதா, 'கி.மு.' ஒரு வரியிலும் எண் அடுத்த வரியிலும் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இடையில் உடையா இடைவெளி போட்டால் சேர்ந்தே நிற்கும். டைப் மெனுவில் 'இன்செர்ட் ஒயிட் ஸ்பேஸ்' பகுதியில் 'நான்பிரேக்கிங் ஸ்பேஸ்'. மலர் முழுக்க 'கி.மு.', 'கி.பி.' அடுத்துள்ள இடைவெளியைத் தேடி இதற்கு மாற்றிவிடுங்கள், 'சேஞ்ச் ஆல்' கொடுக்கலாம்.

பென்னாகரம் டிடிபி

அப்படியே செய்தேன், அக்கா. கம்பேர் காட்டிய இடங்களில் ஊர்ப் பெயர்த் திருத்தங்கள் சில இருந்தன, அவையும் ஏறிவிட்டன. கடைசியாகப் பொருளடக்கம். கட்டுரைத் தலைப்பும் கீழே எழுதியவர் பெயரும் பக்க எண்ணும் வேண்டும். கையால் அடிப்பதா?

ஓசூர் லே அவுட்

கையால் அடிக்காதீர்கள். வரிசை இன்னும் மாறும் என்கிறீர்கள். லே அவுட் மெனுவில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' போங்கள். எந்தெந்தப் பாரகிராஃப் ஸ்டைலை எடுக்க வேண்டும் என்று கேட்கும். கட்டுரைத் தலைப்பு ஸ்டைலையும் எழுதியவர் பெயர் ஸ்டைலையும் சேர்த்து, 'இன்க்ளூட் புக் டாக்குமென்ட்ஸ்' டிக் போடுங்கள். பெயர் ஸ்டைலுக்கு மட்டும் பக்க எண் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டைல் போடாமல் கையால் பெரிதாக்கிய தலைப்பு ஏதாவது இருந்தால் பட்டியலில் வராது, அப்போதே தெரிந்துவிடும். வரிசை மாறினால் இது தானாக மாறாது. பொருளடக்கத்துக்குள் கர்சரை வைத்து 'அப்டேட்' கொடுக்க வேண்டும். அதனால் பிடிஎஃப் எடுப்பதற்கு முன் கடைசி வேலையாக அதைக் கொடுங்கள்.